கூரை போட்டும் கூட்டம் தங்காத தெரு: ஸ்மித் ஸ்திரீட், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 பிப்ரவரியில் சிங்கப்பூர் சைனாடவுன் ஸ்மித் ஸ்திரீட்டின் ஒரு பகுதிக்குக் கண்ணாடிக் கூரை வந்தது. சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு உயரமான கூரை, ஆங்காங்கே குளிர்காற்று வீசும் அமைப்பு, சாலையின் மேலேயே 24 சிறு கடைகள், ஓரத்துக் கடைவீடுகளில் (கீழே கடை, மேலே வீடு) ஆறு உணவகங்கள். மொத்தச் செலவு 4 மில்லியன் வெள்ளி என்றார்கள். மழை பிடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், கார் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். சைனாடவுன் உணவுத் தெரு என்ற பெயரில் நன்றாகத்தான் தொடங்கியது. ஏழரை ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் இறுதியில், அதை நடத்திவந்த செலக்ட் குரூப் குத்தகையைத் தொடராமல் மூடிவிட்டது.

கொவிட்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் அதே தெருவின் மறுபாதியில், அதே ஸ்மித் ஸ்திரீட் முகவரியில் இருக்கும் உணவங்காடி நிலையம் அதே கொவிட்டைத் தாண்டி வந்து இன்றைக்கும் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறது. குளிர்காற்றும் கண்ணாடிக் கூரையும் அங்கே கிடையாது. ஒரே தெருவில் ஒன்று நின்று இன்னொன்று விழுந்திருக்கிறது. இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

தெருவும் சுற்றுப்புறமும்

நம்மவர்களுக்கு வழி சொல்வது சுலபம். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் நடந்தால் முதலில் டெம்பிள் ஸ்திரீட், அடுத்தது ஸ்மித் ஸ்திரீட். செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும் நேரம்தான் அதிகம். நடை சில நிமிடம். 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் அமைத்த கோயில் அது. டெம்பிள் ஸ்திரீட்டும் பகோடா ஸ்திரீட்டும் அந்தக் கோயிலால் பெயர் பெற்றவை. மாஸ்க் ஸ்திரீட், ஜாமிஆ சூலியா பள்ளிவாசலால். சைனாடவுனின் நடுவிலேயே தமிழர்களின் கோயிலும் பள்ளிவாசலும் இருநூறு ஆண்டுகளாக நிற்கின்றன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கத்தான் நேரம் பிடிக்கும்.

ஸ்மித் ஸ்திரீட் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தொடங்கி, தெங்கானு ஸ்திரீட்டைக் கடந்து, நியூ பிரிட்ஜ் ரோடு வரை போகிறது. கூரை போட்ட உணவுத் தெரு முதல் பாதி. தெங்கானு ஸ்திரீட்டைத் தாண்டினால் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ்: அடித்தளத்தில் ஈரச்சந்தை, இரண்டாம் மாடியில் இருநூறுக்கு மேற்பட்ட உணவுக் கடைகள், அதற்கும் மேலே வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள். சிங்கப்பூரின் ஆகப் பெரிய உணவங்காடி நிலையம் அதுதான். அதன் முகவரி 335, ஸ்மித் ஸ்திரீட்.

அந்தக் காலத்தில் யார் சாப்பிட்டார்கள்?

ஸ்மித் ஸ்திரீட்டும் தெங்கானு ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் 1887இல் லை சுன் யுவென் என்ற காண்டனிய இசைநாடகக் கொட்டகை எழுந்தது. சீனர்கள் இந்தத் தெருவை நாடகக் கொட்டகைத் தெரு என்றே அழைத்தார்கள். நாடகம் இரவு வெகுநேரம் நடக்கும். முடிந்து வருபவர்களுக்கும் இடைவேளையில் இறங்கி வருபவர்களுக்கும் பசிக்கும். கொட்டகைக் கட்டடம் இன்று ஹோட்டலாக இருக்கிறது.

கொட்டகைக் கூட்டத்தைவிடப் பெரிய காரணம் மாடியில் இருந்தது. கடைவீடுகளின் மேல்தளங்களைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, அறைக்கு ஒரு குடும்பம், சில அறைகளில் வேலையாட்கள் பலபேர் என்று குடியிருந்தார்கள். அடுப்படி எல்லாருக்கும் பொது. சன்னல்கூட இல்லாத அறைகள் உண்டு. அப்படி இருப்பவர்கள் தெருவில் சாப்பிட்டதில் ரசனையைவிடத் தேவைதான் அதிகம். விலை குறைவு, இறங்கினால் சோறு, சாப்பிட்ட கையோடு கடைவீட்டு முன்தாழ்வாரமான ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து பேச்சு. ரிக்‌ஷா இழுத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், கடை எடுபிடிகள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் முகமும் கடனும் தெரியும்.

பழைய படங்களைப் பார்க்கும்போது இன்றைக்கு எல்லாருக்கும் கண்ணில் படுவது கரியடுப்பும் விளக்கும் முக்காலியும்தான். எனக்கு அந்தப் படங்களில் முக்கியமாகப் படுவது, கடைகளுக்கு மேலே மூங்கில் கழியில் காயும் துணிகள். அவை இருக்கும்வரை கடைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

அப்புறம் எல்லாம் இடம் மாறியது

1968, 69இல் தீவு முழுக்கத் தெருக்கடைக்காரர்களைப் பதிவு செய்தார்கள். சுமார் 18,000 பேருக்குத் தற்காலிக உரிமம் கிடைத்தது. 1971 முதல் உணவங்காடி நிலையங்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. காரணம் வெளிப்படையானது. குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுவார்கள். எச்சில் சாக்கடைக்கும், சாக்கடை சிங்கப்பூர் ஆற்றுக்கும் போகும். 1977இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஆற்றுத் தூய்மைப் பணிக்குத் தெருக்கடைகள் அகன்றே ஆக வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாளித் தண்ணீரை நினைத்து ஏங்குபவர்கள் அதில் கழுவிய தட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சைனாடவுன் தெருக்கடைக்காரர்கள் 1983இல் காம்ப்ளெக்ஸுக்கு மாறினார்கள். 1986க்குள் நாடு முழுக்க இந்த வேலை முடிந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. மாடியறைகளில் இருந்த குடும்பங்கள் வீவக வீடுகளுக்குப் போய்விட்டன. கையில் சாவி கிடைத்த வீட்டில் சொந்த அடுப்படி இருந்தது. 1989இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் சைனாடவுனைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தபோது சுவர்களும் சன்னல்களும் ஓடுகளும் காப்பாற்றப்பட்டன. குடியிருந்தவர்கள் அதற்குள் பெரும்பாலும் போயாகிவிட்டது. கடைவீடுகளில் அலுவலகங்களும் தங்குவிடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் வந்தன.

ஆக, 1983இல் சமைப்பவர்கள் தெருமுனைக் கட்டடத்துக்குப் போனார்கள். சாப்பிடுபவர்களில் ஒரு பகுதி புதிய பேட்டைகளுக்குப் போனது. வட்டாரத்திலேயே தங்கிய மூத்தவர்கள் சமைப்பவர்கள் பின்னாலேயே இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். காலையில் போய்ப் பாருங்கள். ஒரு கோப்பியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருந்தால், அது பெரும்பாலும் பக்கத்து அலுவலகத்துக்காரர். முதியவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை; அவரவர் இடம் அவரவருக்கென்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு முறை உயிரூட்டல்

1998இல் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம் சைனாடவுனை மேம்படுத்த 97.5 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றை அறிவித்தது. கேளிக்கைப் பூங்காவைப் போல ஆகிவிடும் என்று அப்போதே எதிர்ப்புக் கிளம்பியது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் அதில் முன்னணியில் நின்றது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக 2001 நவம்பரில் ஸ்மித் ஸ்திரீட்டில் உணவுத் தெரு முதல்முறையாகத் திறந்தது. பழைய தெருக்கடைகளை நினைவூட்டும் தள்ளுவண்டிகள், திறந்த வானம். மழை வந்தால் வியாபாரம் போச்சு. சிங்கப்பூரில் மழை எத்தனை நாள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மருந்தாக வந்ததுதான் 2014ஆம் ஆண்டுக் கூரை. பொறியியலாகப் பார்த்தால் நல்ல வேலை. காற்று புக உயரம் விட்டிருந்தார்கள், வெளிச்சம் வந்தது, கடைவீட்டு முகப்புகளும் மறையவில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் எனக்கு முதலிலிருந்தே உறுத்தின.

ஒன்று, பெயர்ப்பலகைகள். பூகிஸ் ஸ்திரீட், காத்தோங், தியோங் பாரு, ஜூ சியாட், சிராங்கூன் என்று தீவின் பிரபல சாப்பாட்டு இடங்களின் பெயர்கள் ஒரே வரிசையில். முதல்முறை வரும் சுற்றுப்பயணிக்கு அது வசதி: ஒரு மாலையில் சிங்கப்பூர் முழுவதையும் ருசித்துவிடலாம். உள்ளூர்க்காரருக்கு அப்படியில்லை. காத்தோங் சிப்பிமுட்டை வேண்டுமென்றால் பேருந்தேறிக் காத்தோங்குக்கே போய்விடுவார். தீமிதி நாளில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை நடந்து வருகிற நம்மவர்களுக்குச் சிராங்கூன் சாப்பாடு ஸ்மித் ஸ்திரீட்டில் எதற்கு? பூக்குழி முடிந்த பசியில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். பன்றி இறைச்சி வறுபடும் கடைக்கு அடுத்த மேசையில் உட்காரத் தயங்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னமும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விலை. காம்ப்ளெக்ஸில் பழைய தெருக்கடைக்காரர்கள் பலருக்கு அரசாங்கத்தின் மானிய வாடகை. உணவுத் தெருவில் ஒரு வணிக நிறுவனம் தெருவையே குத்தகைக்கு எடுத்து, கூரை, குளிர்காற்று, துப்புரவு, விளம்பரம் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். தட்டில் அந்தச் செலவு ஏறாமல் இருக்காது. இரண்டு நிமிட நடையில் அதே சார் குவே தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, வட்டாரத்துக்காரர் தெருவில் ஏன் உட்காருவார்? அன்னதானம் நடக்கும் மண்டபத்துக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை திறந்த கதைதான்.

ஆகவே, அந்தத் தெரு நம்பியிருந்தது சுற்றுப்பயணிகளை. நல்ல காலத்தில் அது போதும். 2019இல் 19.1 மில்லியன் பேர் வந்த நாடு இது. 2020 மார்ச் இறுதியில் குறுகியகால வருகையாளர்களுக்குக் கதவு மூடியது. அந்த ஆண்டு மொத்தம் 2.7 மில்லியன்; பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்தில் வந்தவர்கள். 2021இல் சுமார் 330,000. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1வரை நோய் முறியடிப்புக் காலம் என்ற கொவிட் முடக்கம், அதற்குப் பிறகும் ஜூன் 18வரை எங்கும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. காம்ப்ளெக்ஸில் அப்போதும் வரிசை இருந்ததற்குக் காரணம், மேல்மாடிக் குடியிருப்பாளர்களும் சுற்றுவட்டாரமும் பொட்டலம் கட்டி வாங்கிப் போனார்கள். கண்ணாடிக் கூரைக்கு மேலே குடியிருப்பவர் யாரும் கிடையாது.

இதற்கு நடுவில் 2020 டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பிடித்தது. அந்த அங்கீகாரம் சமூகத்தின் சாப்பாட்டுக்கூடம் என்ற அளவில் உணவங்காடி நிலையங்களுக்குக் கிடைத்தது. பழைய தெருக்கடைகளின் நினைவுச்சின்னமாக அமைத்த தெரு அடுத்த ஆண்டு மூடியது. சரி, இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரையும் குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் பட்டியலில் இடம்பெற்ற கலாசாரம் எந்தப் பாதித் தெருவில் இருந்தது என்பது தெரிகிறது.

ஒரு சோயா கோழிக்கடை

மேலே சொன்னதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதையும் பார்த்துவிடலாம். 2016இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் வழிகாட்டி முதல்முறை சிங்கப்பூருக்கு வந்தபோது, காம்ப்ளெக்ஸின் இரண்டாம் மாடியில் சோயா சாஸ் கோழி விற்றுவந்த சான் ஹொன் மெங்குக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கோழிச்சோறு இரண்டு வெள்ளி. உலகத்திலேயே ஆக மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு நவம்பரில் அவர் கீழே இறங்கி ஸ்மித் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் குளிர்சாதனக் கடை திறந்தார். வெளியே வரிசை நின்றது. அப்படியானால் தெருவில் கடை நடக்காது என்று எப்படிச் சொல்வது?

நடந்தது, ஆமாம். ஆனால் அந்தக் கடைக்கு வந்தவர்கள் கோழிக்காக வந்தார்கள். தெரு வெறும் கிடங்காக இருந்திருந்தாலும் வந்திருப்பார்கள். மேல்மாடியில் முப்பது நாற்பது பேர் நின்ற வரிசைக்குத் தெருக்கடை ஒரு வடிகால். பேரும் வாடிக்கையும் மாடியில் சேர்ந்தவை. தெரு தன் சொந்தப் பலத்தில் யாரையும் அழைத்து வந்ததற்கு இது சான்றாகாது. 2021இல் அந்த நட்சத்திரம் பட்டியலிலிருந்து போயிற்று. அது வேறு கதை.

பூன் டாட் ஸ்திரீட்டில் என்ன வித்தியாசம்?

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான இடம் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கிறது. லாவ் பா சாட், 1894இல் ஜேம்ஸ் மெக்ரிச்சி வடிவமைத்த எண்கோண இரும்புச் சந்தை. 1973இல் தேசியச் சின்னமானது; எம்ஆர்டி ரயில் சுரங்க வேலைக்காக 1986இல் துண்டுதுண்டாகக் கழற்றி, பிறகு மறுபடி பூட்டினார்கள். அதன் ஓரத்துச் சாலை பூன் டாட் ஸ்திரீட். பகலில் டாக்சியும் லாரியும் போகிற சாதாரணச் சாலை. வேலைநாள்களில் இரவு ஏழு மணிவாக்கில் தடுப்பை இழுத்து வைப்பார்கள். நெகிழி மேசைகளும் நாற்காலிகளும் தார்ச்சாலையில் இறங்கும். நீளமான கரியடுப்புகளில் சாத்தே எனும் குச்சியில் கோத்த இறைச்சி ஏறும்.

அடுப்புக்கு எதிரில் கொஞ்சம் நின்று பாருங்கள். கோழி, ஆடு, மாடு, இறால் என்று குச்சிகளை நெருக்கி அடுக்கி, ஒரு கை விசிற, மறு கை கொத்தாகப் பத்துப் பதினைந்து குச்சிகளை ஒரே புரட்டில் திருப்பும். இடையிடையே எண்ணெய் தடவுவார்கள். கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை நேராக மேலே போய், இருபுறமும் நிற்கும் அலுவலகக் கோபுரங்களின் நடுவே கரைந்துவிடும். மேலே மூடி எதுவும் கிடையாது. கூரை இருந்தால் அந்தப் புகைக்குக் குழாயும் விசிறியும் கட்டணமும் தேவைப்படும். மழை வந்தால் எல்லாரும் எழுந்து சந்தைக்குள் ஓட வேண்டும். அது தொல்லைதான். ஆனால் ஓடி நுழைய நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கூரை ஒன்று ஓரத்திலேயே இருக்கிறது.

அங்கும் சுற்றுப்பயணிகள் ஏராளம். விலையும் மலிவில்லை. கொவிட் மாதங்களில் அலுவலகம் போகாமல் வீட்டிலிருந்து எல்லாரும் வேலை பார்த்தபோது அங்கும் அடுப்பு அணைந்தது. என்றாலும் மூன்று விஷயம் அந்தத் தெருவுக்குச் சாதகம். சுற்றிலும் வேலை முடிந்து இறங்கும் கூட்டம் நாள்தோறும் இருக்கிறது. விற்பது ஒரே பொருள். சந்தைக்குள் இருக்கும் கடைகளோடு போட்டியில்லை, உள்ளே சோறும் பானமும், வெளியே சாத்தே. ஆகப் பெரியது மூன்றாவது: விடிந்தால் அது மறுபடியும் சாலை. ஆளில்லாத நேரத்துக்கு யாரும் கூலி கொடுக்க வேண்டாம். ஸ்மித் ஸ்திரீட்டில் மதியம் மூன்று மணிக்கு, வெயில் உச்சியில், இருபத்துநான்கு கடைகளும் கூரையும் குளிர்காற்றும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தன.

1991இல் மீண்டும் எழுப்பிய பூகிஸ் ஸ்திரீட்டையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். எண்பதுகளில் எம்ஆர்டிக்காக இடித்த இரவுத் தெருவை அருகிலேயே புதிதாக அமைத்தார்கள். பழைய இரவுக் கூட்டம் திரும்பவில்லை. மலிவுத் துணிமணி வாங்க இளையர்கள் வந்தார்கள். தெரு பிழைத்தது, வேறு வேலைக்கு.

கேம்பல் லேன் பக்கம்

இதையெல்லாம் நம் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனும் வாகனம் போகாத தெரு. சிராங்கூன் ரோடு முனையில் பூச்சரமும் பூசைச் சாமானும், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் மறுமுனையில். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சந்தை போட்டால் நடக்க இடமிருக்காது. சந்தை பிரித்த மறுவாரம் போனால் அகலமாகத் தெரியும். அவ்வப்போது யாராவது, இதை ஓர் உணவுத் தெருவாக்கினால் என்ன, தோசைக்கல்லும் பரோட்டாக்கல்லும் நடுத்தெருவில் போட்டால் கூட்டம் அள்ளுமே என்று பேசுவார்கள். கூரை பற்றியும் பேச்சு வரும்.

நான் கேட்கும் முதல் கேள்வி, பஃப்ளோ ரோட்டுப் பக்கம் தேக்கா நிலையத்தில் ஏற்கெனவே பரோட்டாவும் பிரியாணியும் யாருக்கு என்ன விலையில் விற்கின்றன என்பது. கேம்பல் லேனிலிருந்து அது சில நிமிட நடை. ஸ்மித் ஸ்திரீட்டுக்கும் காம்ப்ளெக்ஸுக்கும் இருந்த அதே இடைவெளி ஏறக்குறைய. இரண்டாவது, வாழையிலைக் கட்டும் பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும் இறக்க விடியற்காலையில் வரும் வேன் எங்கே நிற்கும். அந்தக் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர் வாராவாரம் வருபவர், பூ வாங்கிவிட்டு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடிப்பவர். அவரை இடிக்காத ஏற்பாடு எதுவென்றாலும் சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும், மடித்து வைக்கக்கூடிய மேசைகளோடு, கூரை இல்லாமல், ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு வரும் ஊழியர்கள் தேக்காவில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார இடமில்லாமல் புல்தரையிலும் படியிலும் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். தெரு யாருக்காவது தேவைப்படுகிறது என்றால் முதலில் அவர்களுக்குத்தான். அவர்கள் கொடுக்கக்கூடிய விலையில் கடை நடத்த ஆள் கிடைத்தால் மேசை போடலாம். கிடைக்காவிட்டால் மேசையை மட்டும் போட்டுவிடலாம். சாப்பாட்டைத் தேக்காவிலிருந்து வாங்கி வந்துகொள்வார்கள்.